எரியாமல் எஞ்சும் உலோகம்: கேள்வியும் கணக்கும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு, ஏரி மராமத்து ஆகியவற்றைப் பற்றி நாம் பன்முறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சுடுகாட்டைப் பற்றியது. நல்ல கூட்டத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், இடுகாடு சுடுகாடுகளை ஏற்படுத்திப் பேணுவது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாகும். கடமை என்று வந்துவிட்ட பின்னர் அதனைப் பேசக் கூசுதல் முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஊரிலுள்ள எரிவாயு தகன மேடையைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். உலையின் கதவு, புகைபோக்கி, எரிவாயு உருளைகள், பதிவேடு யாவற்றையும் பார்த்து முடித்தோம். புறப்படும் தறுவாயில், அங்குப் பணிபுரியும் பெரியவர் ஒருவர் ஒரு பழைய தகர டின்னைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். உள்ளே நீண்ட கம்பிகள், துளையிட்ட தகடுகள், திருகாணிகள், தண்டோடு கூடிய உருண்டை ஒன்று ஆகியவை கருத்துக் கிடந்தன. சாம்பலிலிருந்து பொறுக்கியவை அவை.

“ஐயா, இவற்றைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை. விற்றுவிடலாம் என்று ஒருவர் சொன்னார்; அதற்கும் மனம் வரவில்லை. யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லுங்கள்” என்றார் அவர்.

அவ்வளவு மட்டுமன்று. அதற்கு முந்திய மாதத்தில், தந்தையைத் தகனம் செய்த ஒரு குடும்பத்தார், காடாற்ற வந்தபோது, ‘இடுப்பில் வைத்த விலையுயர்ந்த உலோகம் எங்கே?’ என்று அவரிடம் சண்டையிட்டனராம். அவர் டின்னைத் திறந்து காட்டிய பின்னரும், அவற்றுள் தம் தந்தைக்கு உரியது எது என்று அவர்களால் அடையாளம் காண இயலவில்லை. பழி மட்டும் அவர் மீது தங்கிவிட்டது. அவருடைய வினாவிற்கு அன்று நம்மிடம் விடை இல்லை. ‘பத்திரமாக வைத்திரும்’ என்று மட்டும் கூறித் திரும்பினோம். அதன் பிறகு, பிற நாடுகளில் இதற்கு என்ன வழி கண்டிருக்கிறார்கள் என்று படித்தறிந்தோம். அறிந்தவற்றை உங்கள் முன் வைப்பதே இந்த உரையின் நோக்கம்.

உடலுக்குள் உலோகம் வந்த வரலாறு

எலும்பு முறிந்தவர்களுக்குக் ‘கம்பி வைத்திருக்கிறது’, ‘பிளேட் வைத்திருக்கிறது’ என்று நம் ஊர்களில் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தேய்ந்த மூட்டையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தும் முறையும் இன்று பரவிவிட்டது. இங்கிலாந்திலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் 1962ஆம் ஆண்டில் செய்த இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையே இன்றைய முறைக்கு அடிப்படை. தொடை எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டும் உருண்டையும், அவ்வுருண்டை சுழல்வதற்கு உறுதியான பாலிஎத்திலீன் கிண்ணமும் என அவர் அமைத்தார்.

சார்ன்லியைப் பற்றிய ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. தாம் பொருத்திய மூட்டுகள் உடலுக்குள் எவ்வளவு தேய்கின்றன என்று அறிய அவர் விரும்பினார். ஆகவே, இறந்த பின்னர் அம்மூட்டை எடுத்து ஆராய இசைவு தருமாறு நோயாளிகளிடம் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டார். பலர் மனமுவந்து இசைந்தனர். ‘கேட்டுப் பெறுதல்’ என்னும் பண்பு இத்துறையின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை நாம் இங்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

இதயத்திற்கும் கருவி வந்தது. இதயத்துடிப்பு குறைந்து மயங்கி விழுவோருக்கு, சிறு மின்துடிப்பால் இதயத்தை ஒழுங்காக இயங்கச் செய்யும் கருவி ‘பேஸ்மேக்கர்’ எனப்படும். உடலுக்குள்ளேயே வைக்கும் பேஸ்மேக்கர், 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. கருவியை உருவாக்கியவர் ரூனே எல்ம்க்விஸ்ட். பொருத்திய மருத்துவர் ஓகே சென்னிங். பெற்றுக்கொண்டவர் ஆர்னே லார்சன். முதற்கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆயினும், லார்சன் தம் வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு 2001ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். தமக்கு உயிரளித்த அவ்விருவரும் மறைந்த பின்னரும் அவர் வாழ்ந்திருந்தார்.

இவை பெருநகரச் செல்வர்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணவேண்டா. விபத்தில் கால் முறிந்து அரசு மருத்துவமனையில் தகடு வைத்துக்கொண்டவர் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். மூட்டு மாற்றுச் சிகிச்சை அரசுக் காப்பீட்டின் வழியாகவும் கிடைக்கிறது. ஆதலின், நம் சுடுகாடுகளில் எஞ்சும் உலோகம் ஆண்டுதோறும் பெருகும் என்பதில் ஐயமில்லை.

எரிவது எது? எஞ்சுவது எது?

தகன உலையின் வெப்பம் ஏறத்தாழ 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரை இருக்கும். எலும்பைச் சுண்ணமாக்க இது போதும். ஆனால் உடலுள் வைக்கும் உலோகங்களை இது உருக்காது. டைட்டானியம் உருகுவதற்கு 1,668 பாகை வெப்பம் வேண்டும். கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகமும், துருப்பிடிக்காத எஃகும் உருகுவதற்கு 1,300 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. ஆகவே, செயற்கை மூட்டிலுள்ள பாலிஎத்திலீன் கிண்ணம் எரிந்து போகும். உலோகத் தண்டும் உருண்டையும் கருத்து அப்படியே கிடக்கும். விறகுச் சிதையிலும் நிலை இதுவே.

இவ்வுலோகங்கள் பழைய இரும்பைப் போன்றவை அல்ல. எலும்புத் தண்டுகளில் பெரிதும் பயன்படும் டைட்டானியக் கலவையில் நூற்றுக்கு 90 பங்கு டைட்டானியம், 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம் இருக்கும். இதே கலவை விமான உறுப்புகளுக்கும் பயன்படுகிறது. முழங்கால் மூட்டில் தொடை எலும்பின் முனையை மூடும் உறை பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலவையால் ஆனது. உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்டது ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களாட்சிக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குச் சிறு சுரங்கங்களில் ஏழை மக்கள் கையால் மண்ணைத் தோண்டி அதனை எடுக்கும் அவலம் உலகறிந்தது. அத்தகைய அரிய பொருளை ஒருமுறை பயன்படுத்திவிட்டு மண்ணில் புதைப்பது சரியா என்னும் வினா எழுகிறது.

உழவனுக்கு உலோகத்தின் அருமை தெரியும். தேய்ந்த கொழுவை அவன் எறிவதில்லை. கொல்லன் பட்டறைக்குக் கொண்டு சென்று அடித்துக்கொள்கிறான். ஆனால், இது உடலில் இருந்த உலோகம். ஒருவர் நடந்ததும், பேரக் குழந்தையைத் தூக்கியதும், வரப்பில் ஏறி இறங்கியதும் இதனால்தான். ஆகவே, இதனைப் பழைய இரும்பாகவும் கருதலாகாது. தொடலாகாத பொருளாகவும் கருதலாகாது. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு நெறி வேண்டும்.

பிற நாடுகள் கண்ட நெறி

பிரிட்டனில் இறப்போரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் தகனம் செய்யப்படுகின்றனர். அங்கும் நெடுங்காலம் வரை, எஞ்சிய உலோகத்தைத் தகன நிலையத்தின் தோட்டத்தில் குழிவெட்டிப் புதைப்பதே வழக்கமாயிருந்தது. உலோகம் மட்காது, மேன்மேலும் புதைத்துக்கொண்டே போகவும் இயலாது.

நெதர்லாந்து நாட்டில் 1997ஆம் ஆண்டில் ஆர்த்தோமெட்டல்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. அதனைத் தொடங்கிய இருவருள் ஒருவர் எலும்பு மருத்துவர். தகன நிலையங்களிலிருந்து உலோகத்தைப் பெற்று, வகை பிரித்து, உருக்கும் ஆலைகளுக்கு அனுப்புவது அதன் பணி. சவப்பெட்டியின் இரும்பு ஆணிகளைக் காந்தத்தால் பிரித்துவிடலாம். டைட்டானியமும் கோபால்ட் கலவையும் காந்தத்தில் ஒட்டா. எனவே அவற்றைத் தனியே எடுத்து வகைப்படுத்துகின்றனர். உருக்கிய உலோகம் விமானம், மோட்டார் வாகனம் முதலிய தொழில்களுக்குச் செல்கிறது. இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒருவருடைய இடுப்பு மூட்டை எடுத்து மற்றொருவருக்கு அப்படியே பொருத்துவதில்லை. அவை உலோகமாக உருகிக் கலந்துவிடுகின்றன.

பிரிட்டனில், இடுகாடு மற்றும் தகன நிலைய நிர்வாகிகளின் கழகம் இதற்கென ஒரு திட்டத்தை நடத்துகிறது. தகனத்திற்கு விண்ணப்பிக்கும்போதே குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி வாங்குகின்றனர்: ‘எஞ்சும் உலோகத்தை நீங்கள் பெற்றுக்கொள்கிறீர்களா, மறுசுழற்சிக்கு இசைகிறீர்களா?’ இசைந்தவர்களின் உலோகம் மட்டும் சேர்க்கப்படுகிறது. செலவு போக வரும் தொகை, திட்டத்தில் சேர்ந்துள்ள தகன நிலையங்கள் முன்மொழியும் அறநிலையங்களுக்குப் போய்ச் சேருகிறது. துயருற்ற குடும்பங்களுக்கு ஆறுதல் அளிக்கும் அமைப்புகளும், இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் இல்லங்களும் இவ்வாறு உதவி பெறுகின்றன. தகன நிலையம் அதில் இலாபம் எடுப்பதில்லை.

சுவீடன் நாட்டினர் இதனைச் சட்டமாகவே ஆக்கிவிட்டனர். 2016ஆம் ஆண்டில் செய்த திருத்தத்தின்படி, தகனத்திற்குப் பின் எஞ்சும் உலோகம் மறுசுழற்சிக்குச் செல்கிறது. வருவாய், வாரிசு இல்லாதோர் விட்டுச் செல்லும் சொத்துகள் சேரும் பொதுநிதிக்குப் போகிறது. அந்நிதி குழந்தைகள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் நலனுக்குச் செலவாகிறது.

நெறி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி நாடு சான்று. ஹாம்பர்க் நகரிலுள்ள தகன நிலையம் ஒன்றில் பணியாற்றிய சிலர், சாம்பலிலிருந்த தங்கப் பற்களை எடுத்து விற்றனர். வழக்கு, கூட்டாட்சி உயர் நீதிமன்றம் வரை சென்றது. ‘சாம்பல் என்பது பொடி மட்டுமன்று, எரியாமல் எஞ்சும் பல் தங்கமும் அதனுள் அடங்கும், அதனைக் கவர்வது இறந்தாரின் அமைதியைக் குலைக்கும் குற்றமாகும்’ என்ற கருத்துப்பட 2015ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்நாடுகளின் அனுபவத்தை ஒருங்கே வைத்துப் பார்த்தால், உலோகம் ஒன்றே, உலையும் ஒன்றே என்பது விளங்கும். ஓரிடத்தில் அது அறமாகிறது. மற்றோரிடத்தில் அது களவாகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது? கேட்டார்களா, எழுதினார்களா, கணக்குக் காட்டினார்களா என்பதில்தான் இருக்கிறது.

உலைக்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி

உலோகத் தண்டும் தகடும் பின்னால் தொல்லை தரலாம்; ஆனால் அவற்றால் உயிருக்கு ஊறில்லை. பேஸ்மேக்கர் அவ்வாறன்று. அதனுள்ளே லித்தியம் மின்கலம் இருக்கிறது. உலையின் வெப்பத்தில் உள்ளே வாயு பெருகி அது வெடிக்கும். பிரிட்டனில் சோலிஹல் என்னும் ஊரின் தகன நிலையத்தில் 1976ஆம் ஆண்டில் அவ்வாறு வெடித்ததே முதலில் பதிவான நிகழ்ச்சி. பிரிட்டனின் தகன நிலையங்களில் எடுத்த ஓர் ஆய்வு 2002ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. விடையளித்த பணியாளர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் அனுபவத்தில் பேஸ்மேக்கர் வெடித்ததைக் கண்டிருந்தனர். உலையின் உட்சுவர் சிதைவதும், கண்காணிப்புத் துளையருகே நிற்பவர் காயமுறுவதும் இதனால் நேரக்கூடியவை. எலும்புக்குள் வைக்கும் கம்பிகளுள்ளும், உப்பு நீர் நிரப்பி விரியச் செய்யும் ஒரு வகை உண்டு, அதுவும் வெடிக்கக்கூடியதே.

ஆகவேதான் அந்நாட்டில், தகனத்திற்கு முன்னரே, இறந்தவர் உடலில் இத்தகைய கருவி உண்டா என்று கேட்டு எழுதி வாங்குவது கட்டாயமாயிற்று. கருவி இருந்தால், அதனை எடுத்த பின்னரே உடல் உலைக்குப் போகும். மார்பின் மேற்புறத்தில், தோலுக்கு அடியிலேயே பேஸ்மேக்கர் இருப்பதால், பயிற்சி பெற்றவர் சிறு கீறலிட்டு அதனை எளிதில் எடுத்துவிடலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பேஸ்மேக்கரைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு கருவி உண்டு. இதயத்துடிப்பு தாறுமாறானால் வலிய மின் அதிர்ச்சி கொடுத்து அதனைச் சீராக்கும் கருவி அது. உயிர் பிரிந்த பின்னரும் அதன் மின்கலம் செயல்படும். அதனை நிறுத்தாமல் எடுக்க முயல்பவர் கையில் மின்சாரம் தாக்கும். ஆதலின், சுடுகாட்டில் கத்தியை எடுத்து ‘நாமே பார்த்துக்கொள்வோம்’ என்று எவரும் துணியலாகாது. இது மருத்துவமனையில் நடக்கவேண்டிய பணி. வீட்டில் இறந்தவராயினும், சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கு உடனே தெரிவிப்பதே தக்க வழி.

எடுத்த கருவி இன்னோர் உயிருக்கு

மூட்டுகளை உருக்குகிறார்கள் என்றோம். பேஸ்மேக்கரின் கதை வேறு. நன்கு இயங்கும் கருவி ஒன்று உரியவருடன் மறைந்துபோவதைக் கண்ட மருத்துவர்கள் சிலர், அதனைத் தூய்மை செய்து, சோதித்து, வாங்க வசதியற்ற ஏழைகளுக்குப் பொருத்தலாகாதா என்று சிந்தித்தனர்.

இதில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. அமெரிக்காவிலுள்ள நல்லடக்க இல்லங்களிலிருந்து, குடும்பத்தாரின் இசைவோடு 121 பேஸ்மேக்கர்கள் பெறப்பட்டன. மின்கலத்தில் போதிய ஆயுள் எஞ்சியிருந்த 53 கருவிகள், மும்பையிலுள்ள மருத்துவமனை ஒன்றில் ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. இந்த ஆய்வு 2012ஆம் ஆண்டளவில் வெளியாயிற்று. கருவிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை தேர்வில் ஒதுக்கப்பட்டன என்பதையும் கவனியுங்கள். எல்லாக் கருவியும் மறுபடி உதவாது.

கனடாவின் மாண்ட்ரியால் நகர மருத்துவர்களின் ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளில் மறுபயன் கருவி பெற்ற 1,051 பேரும், கனடாவில் புதுக்கருவி பெற்ற 3,153 பேரும் ஒப்புநோக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்குள் நோய்த்தொற்று ஏற்பட்டது முன்னவருள் நூற்றுக்கு 2.0 பேருக்கு, பின்னவருள் 1.2 பேருக்கு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே என ஆய்வாளர் கண்டனர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இதே நோக்கத்துடன், ‘என் இதயம் உன் இதயம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது.

இதனைக் கேட்டதும், நாமும் கருவிகளைத் திரட்டி அனுப்புவோம் என்று யாரும் புறப்படவேண்டா. மறுபயன்பாடு மருத்துவரும் அரசும் சட்டமும் சேர்ந்து முடிவு செய்யவேண்டியது. ஊராட்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நமக்கு உரிய பங்கு ஒன்றே: கருவி உலைக்குள் போகாமல் காத்து, மருத்துவமனையின் பொறுப்பில் சேர்த்துவிடுதல்.

நம் நாட்டு விதியும் நாம் செய்யத்தக்கவையும்

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறையில் உள்ளன. மருத்துவமனையில் உடலிலிருந்து எடுக்கும் உலோகப் பொருத்துகளை, நீல அடையாளமிட்ட, துளைபடாத பெட்டியில் சேர்க்கவேண்டும் என்றும், கிருமி நீக்கிய பின்னர் மறுசுழற்சிக்கு அனுப்பவேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ஆக, உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்த தகட்டிற்கு ஒரு வழி இருக்கிறது. சாம்பலிலிருந்து எடுத்த தகட்டிற்கும் அதுபோல் ஒரு வழி காண்பதே நம் முன்னுள்ள பணி.

நமது கருத்தில், ஊராட்சி உடனே செய்யக்கூடியவை நான்கு. இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவது, கேட்டல். தகன மேடையில் பெயர், வயது, முகவரி எழுதும் படிவத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும். ‘இறந்தவர் மார்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவி உண்டா? எலும்பில் கம்பி, தகடு, செயற்கை மூட்டு உண்டா?’ துயரில் இருப்பவரிடம் இதனை அதட்டிக் கேட்கலாகாது. உறவினருள் மூத்தவர் ஒருவரிடம் மெல்லக் கேட்கவேண்டும். தகன மேடையைத் தொண்டு நிறுவனம் நடத்தினாலும் ஊராட்சி இதனை வலியுறுத்தலாம். விறகால் எரிக்கும் ஊர்களில், மயானத்திற்குப் புறப்படும் முன்னர் வீட்டிலேயே கேட்டுவிடலாம்.

இரண்டாவது, எழுதி வாங்குதல். எஞ்சும் உலோகத்தை எடுத்துச் செல்வதா, பொதுவிற்கு விடுவதா என்பதைக் குடும்பத்தாரே முடிவு செய்யட்டும். அஸ்தியோடு சேர்த்து ஆற்றில் கரைக்கவேண்டும் என்று எண்ணுவோரும் இருப்பர். அவர்களிடம், உலோகம் நீரில் கரையாது, குளிப்போர் காலைக் கிழிக்கும் என்று எடுத்துச் சொல்லலாம். ஆயினும், முடிவு அவர்களுடையது. கேளாமல் எடுத்துக்கொள்ளும் உரிமை ஊராட்சிக்கும் இல்லை, பணியாளருக்கும் இல்லை.

மூன்றாவது, கணக்கு. பொதுவிற்கு விட்ட உலோகத்தைப் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். நாள், தகனப் பதிவு எண், பொருளின் விவரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் குடும்பத்தாரின் கையொப்பமும் பெறவேண்டும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் அந்தக் கணக்கைக் கிராம சபையில் படிக்கவேண்டும். ஓர் ஊராட்சியில் ஓராண்டில் சேர்வது சிறு அளவே. ஆகையால், தனித்தனியே பழைய இரும்புக் கடையை நாடுவது கூடாது. மாவட்ட நிர்வாகத்திற்கு எழுதி, பல ஊராட்சிகளின் உலோகத்தை ஒருங்கே முறைப்படி அகற்ற வழிகாட்டுதல் கேட்கலாம். அதில் என்றேனும் தொகை வருமானால், நடக்க இயலாதவர்களுக்கு ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் வாங்கப் பயன்படட்டும் என்பது நமது விருப்பம். ஒருவர் நடப்பதற்கு உதவிய உலோகம், மற்றொருவர் நடப்பதற்கும் உதவட்டும்.

நான்காவது, பணியாளரின் பாதுகாப்பும் மானமும். சாம்பலைக் கையால் கிளறச் செய்யலாகாது; நீண்ட இடுக்கி, தடித்த கையுறை, முகமூடி ஆகியவற்றை ஊராட்சி வாங்கித் தரவேண்டும். உலை எரியும்போது கண்காணிப்புத் துளையருகே நிற்கவேண்டா என்று அறிவுறுத்தவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் மீது பழி விழாதபடி எழுத்துமூலமான முறையை ஏற்படுத்தவேண்டும். ஊரார் ஒதுங்கி நிற்கும் வேலையை ஊருக்காகச் செய்பவர் அவர். அவரைச் சந்தேகத்திற்கு ஆளாக்கிவிட்டு நாம் சுகாதாரம் பேசுவதில் பொருளில்லை.

தகர டின் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். அவ்வூர் ஊராட்சி பின்னர் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. டின்னில் இருந்தவை எண்ணப்பட்டு, பட்டியல் எழுதப்பட்டு, பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்கு மாற்றப்பட்டன. சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. உரியவர் வந்து கேட்கலாம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆயினும், எது யாருடையது என்று இனி எவராலும் சொல்ல இயலாது. அவை இன்னும் அப்பெட்டியிலேயே இருக்கின்றன. ஆனால், அதன் பின்னர் வந்த ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்ணும் ஒரு கையொப்பமும் உண்டு. பணியாளர் பெரியவரை மறுபடி கண்டபோது, “இப்போது யார் வந்து கேட்டாலும் நோட்டைக் காட்டிவிடுகிறேன், ஐயா” என்றார். முன்பு நம்மிடம் இல்லாத விடை அவர் கையிலேயே இருந்தது.

பெரியோர்களே, தாய்மார்களே! இங்குள்ள உங்களுள் சிலருக்கே உடலில் தகடோ கம்பியோ கருவியோ இருக்கலாம். உங்கள் வீட்டாரிடம் அதனை இன்றே சொல்லி வையுங்கள். மருத்துவமனை கொடுத்த அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். நம் காலத்திற்குப் பின் அது என்ன ஆகவேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். உறுப்பினர்களாகிய நீங்கள் அடுத்த கூட்டத்திலேயே அந்த இரண்டு வரிக் கேள்விகளைத் தீர்மானமாகக் கொண்டுவருவீர்கள் என்று நம்புகிறோம். ஊராட்சியின் கணக்கு ஊருணியோடும் சாலையோடும் முடிவதன்று. சாம்பல் வரைக்கும் அது நேர்மையாக இருக்கவேண்டும்.